அலுவலக அறிவைச் சேர்த்து வைக்க மெயில்: எல்லாம் சரி, திருத்தத்தை எங்கே போடுவது?

"இருபது பேர் இருக்கும் டீம். ஆளுக்கொரு மெயில் ஐடி இருக்கிறது. தெரிந்ததை மெயிலில் போட்டு எல்லாரையும் சிசி-யில் வைத்தால் முடிந்தது. விக்கி, நாலெட்ஜ் பேஸ் என்று எல்லாரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இடம் தனியாக ஒன்று எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். மெயிலுக்குப் புதிதாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, யாருக்கும் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இந்தப் பதிவு.

இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது, கவனம் சிதறுகிறது என்ற வழக்கமான புலம்பலுக்குள் போகப்போவதில்லை. அதற்கு ஃபில்டர் இருக்கிறது, நோட்டிஃபிகேஷனை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. பல வருடமாக மெயிலையே டீமின் ஞாபகசக்தியாக வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. மெயிலில் போன தவறைத் திருத்த வழியே கிடையாது. திருத்தத்தை அனுப்பலாம். ஆனால் அது இன்னொரு மெயிலாகத்தான் போகும். தவறு அதன் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வெப் சர்வரின் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டைப் புதுப்பிப்பது. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் சான்று அது. 2020 செப்டம்பரிலிருந்து பொதுவில் நம்பப்படும் சர்டிஃபிகேட்டுகளுக்கு அதிகபட்ச ஆயுள் 398 நாள் என்று இருந்தது. அதாவது ஏறக்குறைய பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை. செய்த ஆள் மறந்துபோக அளவெடுத்துத் தைத்தது மாதிரி இடைவெளி. ஆகவே செய்தவர் நல்ல மனதோடு டீமுக்கு ஒரு மெயில் போடுகிறார்: தனிச்சாவியும் (ரகசியச் சாவி) சிஎஸ்ஆரும் (சர்டிஃபிகேட் கேட்கும் விண்ணப்பம்) உருவாக்கு, சிஎஸ்ஆரைக் கொடுத்து சர்டிஃபிகேட் வாங்கு, வந்த ஃபைலைப் பழைய ஃபைல் இருந்த இடத்தில் வை, கான்ஃபிகரேஷனைச் சோதி, சர்வரை ரீலோடு செய். ஐந்து படி. தெளிவான மெயில். ஏழெட்டுப் பேர் "நன்றி" என்று பதில் போடுகிறார்கள்.

மூன்றாவது படியில்தான் கோளாறு. அங்கே வைக்க வேண்டியது தளத்தின் சர்டிஃபிகேட்டை மட்டும் அல்ல. அதற்குக் கையெழுத்துப் போட்ட இடைநிலைச் சர்டிஃபிகேட்டும் சேர்ந்த ஃபைலை, அதாவது ஃபுல்செயினை. விட்டுவிட்டால் உடனே தெரியாது. பிரவுசரில் தளம் ஒழுங்காகத் திறக்கும், ஏனென்றால் பிரவுசர் அந்த இடைநிலைச் சர்டிஃபிகேட்டை முன்பே வைத்திருக்கும், அல்லது தானே போய் எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டுகளும் ஜாவா நிரல்களும் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஆகவே ராத்திரி ஓடும் வேலைகளும், வெளி நிறுவனத்திலிருந்து வரும் ஏபிஐ அழைப்புகளும் (அங்குள்ள நிரல் நம் சர்வரோடு பேசுவது) மட்டும் விழும். இரண்டு நாள் கழித்துக் காரணம் புரிகிறது. "சிறு திருத்தம்" என்ற சப்ஜெக்டில் இன்னொரு மெயில் போகிறது: "மூன்றாவது படியில் ஃபுல்செயின் ஃபைலை வைக்கவும். மன்னிக்கவும்."

இப்போது அந்தத் திருத்தம் யார் யாருக்குப் போகவில்லை என்று பாருங்கள். முதல் மெயிலை இடையில் வேறொரு டீமுக்கு ஃபார்வர்டு செய்தவர் திருத்தத்தை ஃபார்வர்டு செய்திருக்க மாட்டார். முதல் மெயிலைத் தன் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தவரின் குறிப்பேடு மாறாது. அடுத்த மாதம் சேர்ந்தவருக்கு இரண்டு மெயிலுமே கிடையாது; யாராவது இரக்கப்பட்டு ஃபார்வர்டு செய்தால், நீளமாக, படிப்படியாக இருக்கும் முதல் மெயில்தான் வரும். பதின்மூன்று மாதம் கழித்து "சர்டிஃபிகேட் ரினியூவல்" என்று தேடுகிறவருக்கும் அதே முதல் மெயில்தான். அதில் அந்தச் சொல் பத்து இடத்தில் இருக்கிறது, திருத்தத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. "சிறு திருத்தம்" என்று யாரும் தேடப்போவதில்லை.

ஆக, தவறான மெயிலுக்கு ஆயுளும் அதிகம், அது போய்ச் சேரும் தூரமும் அதிகம். எழுதியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெயில் கட்டப்பட்டிருக்கும் விதம் அப்படி. அனுப்பிய நொடியில் இருபது பிரதிகள் ஆகிவிடுகின்றன, ஒவ்வொன்றும் அவரவருக்குச் சொந்தம். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடி கிடைக்கும். அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவுட்லுக்கின் ரீகால் ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான். தவறு இரண்டு நாள் கழித்துத்தானே தெரிய வருகிறது!

அந்த 398 நாளும் இனி இல்லை. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று ஆயுளைக் குறைத்துக்கொண்டே போக, சர்டிஃபிகேட் கொடுப்பவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025-இல் முடிவெடுத்துவிட்டது. கையால் செய்கிறவர்கள் ஆட்டோமேஷனுக்கு மாறியே ஆக வேண்டும். மாறும்போது அந்த ஐந்து படி மெயில் முழுக்கவே தப்பாகிவிடும். அது எந்த இன்பாக்ஸிலிருந்தும் தானாகப் போகாது.

இதன் கூடப்பிறந்த தொல்லை: மெயிலுக்குச் சுட்டிக்காட்டும்படியான முகவரி இல்லை. ஆளுக்கு முகவரி இருக்கிறது, விஷயத்துக்கு இல்லை.

"போன மார்ச்சில் வந்த மெயிலைப் பாருங்க, அதுல இருக்கு."
"எந்த மெயில்?"
"சப்ஜெக்ட் 'சந்தேகம்'னு இருக்கும். இல்ல, 'ரீ: ரீ: சந்தேகம்'."
"எனக்கு அந்தப் பேர்ல பதினாலு வருது."

வேடிக்கை என்னவென்றால், முகவரி உள்ளுக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்று ஒரு வரி இருக்கும். உலகத்தில் அந்த மெயிலுக்கு மட்டுமே உரிய அடையாளம். 1982-இல் வந்த மெயில் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 822-லேயே இது உண்டு. அதை வைத்து ஒரு மெயிலுக்கு லிங்க் கொடுக்கும் முறையைக்கூட 1998-இல் ஆர்எஃப்சி 2392 எழுதி வைத்துவிட்டது. பரவலாகப் பயன்படும் மெயில் மென்பொருள்களில் பெரும்பாலானவை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. லிங்க் கொடுக்க முடியாததால்தான் எல்லாரும் ஃபார்வர்டு செய்கிறார்கள். ஒவ்வொரு ஃபார்வர்டும் திருத்த முடியாத இன்னொரு பிரதி.

ஃபார்வர்டு என்றதும் ஒன்று. சாதாரண ஃபார்வர்டில் மூல மெயிலின் தலைப்பகுதி போய்விடும். அனுப்பியவர், தேதி எல்லாம் வெறும் எழுத்தாகத்தான் மிஞ்சும், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மூலம் அப்படியே வேண்டுமென்றால் "அட்டாச்மென்டாக ஃபார்வர்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெயில் முழுசாக ஒரு ஃபைலாகப் போகும். வேலையை விட்டுப் போகிறவரிடமிருந்து முக்கியமான மெயில்களை வாங்கும்போது இப்படித்தான் வாங்க வேண்டும்.

அடுத்து, கிளை பிரியும் தொல்லை. ஒரு மெயிலுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டால் உரையாடல் இரண்டாகிவிடும். மூன்றாமவர் ஏதாவது ஒன்றுக்குத்தான் பதில் போடுவார். மற்றதில் இருந்த நல்ல யோசனை அதற்குப் பிறகு வரும் மேற்கோள் எதிலும் இருக்காது. கடைசி மெயிலைப் படித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர் பாதியைத்தான் படிக்கிறார். ஜிமெயில் 100 மெயில் தாண்டினால் உரையாடலைத் தானே வெட்டிப் புதிதாகத் தொடங்கும். சப்ஜெக்டை மாற்றினாலும் வெட்டும். இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு: முகவரிகளைத் தட்டச் சோம்பல்பட்டு, பழைய மெயில் ஒன்றைத் திறந்து "எல்லாருக்கும் பதில்" அமுக்கி, சம்பந்தமே இல்லாத புது விஷயத்தை எழுதுவது. பேக்கப் எடுக்கும் முறை "வெள்ளிக்கிழமை மீட்டிங்" என்ற தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்வது இப்படித்தான்.

"எல்லாருக்கும் பதில்" போடுவதிலும் ஒரு பயம் இருக்கிறது, அது காரணமில்லாத பயமும் அல்ல. 1997-இல் மைக்ரோசாஃப்டுக்குள் பெட்லாம் டிஎல்3 என்ற குழு முகவரியில் சுமார் 13,000 பேர் இருந்தார்கள். "என்னை இதிலிருந்து எடுங்கள்" என்று ஒருவர் எல்லாருக்கும் பதில் போட, "என்னையும்" என்று மற்றவர்களும் எல்லாருக்கும் பதில் போட, மெயில் சர்வர்கள் திணறிப்போயின. இன்றைக்கும் அதே பயத்தில், நல்ல பதில் தெரிந்தவர் கேள்வி கேட்டவருக்கு மட்டும் தனியாகப் பதில் போடுகிறார். கேள்வி இருபது பேரிடம் இருக்கிறது, பதில் ஒருவரிடம். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை இன்னொருவர் கேட்கிறார். முதலில் கேட்டவர் அன்றைக்கு லீவு.

தேடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில் மெயில் எழுதும் டீம்களுக்கு. மெயில் தேடல்கள் பெரும்பாலும் முழுச் சொல்லைப் பார்க்கும், அல்லது சொல்லின் தொடக்கத்தைப் பார்க்கும். "சர்வர்" என்று தேடுகிறீர்கள்; மெயிலில் "சர்வரில்" என்று இருக்கிறது. தொடக்கம் ஒன்றுதானே, வந்துவிடும் என்று தோன்றும். வராது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் "ர்" என்பது ரகரமும் புள்ளியும். "ரி" என்பது ரகரமும் இகரக் குறியும். நீங்கள் தட்டிய புள்ளி அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. தொடக்கத்தைப் பார்க்கும் தேடல் என்றால் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு "சர்வர" என்று தட்டிப் பாருங்கள், சர்வரில், சர்வரை, சர்வருக்கு எல்லாம் வந்து நிற்கும். முழுச் சொல்லை மட்டும் பார்க்கும் தேடல் என்றால் ஒவ்வொரு வடிவத்தையும் எழுதி நடுவில் "அல்லது" குறியைப் போடுவதைத் தவிர வழியில்லை. இதோடு ஒருவர் "செர்வர்" என்று எழுதுவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார், மூன்றாமவர் எர்ரரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டிவிட்டு "இதைப் பாருங்க" என்று மட்டும் எழுதுவார். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பல மெயில் பெட்டிகள் தேடுவதே இல்லை. எர்ரரின் எண்ணையும் முதல் வரியையும் எழுத்தாகவும் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு டீமில் இந்த ஒரு பழக்கம் வந்தாலே தேடல் பாதி சரியாகிவிடும்.

கமாண்டுகளை மெயிலில் அனுப்புகிறவர்களுக்கு இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. அவுட்லுக்கில் எழுதும்போது நேரான மேற்கோள் குறி தானாக வளைந்த மேற்கோள் குறியாகும். அடுத்தடுத்த இரண்டு சிறுகோடு (--) ஒரே நீளக்கோடாக (–) மாறிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும். அதை அப்படியே எடுத்து, கமாண்டு தட்டும் டெர்மினலில் ஒட்டினால் "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை" என்று வரும். புதிதாகச் சேர்ந்தவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து அரைமணி நேரம் தேடுவார். கிளாசிக் அவுட்லுக்கில் சரிசெய்ய: ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், எடிட்டர் ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், "ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்" பகுதியில் அந்த இரண்டு டிக்கையும் எடுங்கள். ஆனால் இதை எழுதுகிறவரின் கணினியில் செய்ய வேண்டும், படிக்கிறவரின் கணினியில் செய்து பயனில்லை. இருபது பேரும் எழுதுகிறார்கள் என்றால் இருபது கணினியிலும். வெறும் எழுத்து மெயில் என்றால் வேறு தொல்லை: நீளமான கமாண்டு எழுபத்தெட்டு எழுத்துக்கு முன்னால் எங்காவது உடைந்து இரண்டு வரியாகும், ஒட்டினால் முதல் பாதி தனிக் கமாண்டாக ஓடும். அழிக்கும் கமாண்டு பாதியில் உடைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சரி, ஸ்கிரிப்டையே ஃபைலாக இணைக்கலாம் என்றால் பேட்ச் ஃபைல் (.bat), ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் (.js) எல்லாவற்றையும் ஜிமெயில் தடுத்துவிடும். ஜிப் போட்டு அனுப்பினாலும் உள்ளே பார்த்துத் தடுக்கும். பாதுகாப்புக்கு அது சரிதான். அதனால் எல்லாரும் பெயரின் வாலை மாற்றி அனுப்பப் பழகியிருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

"என் பதில்கள் கீழே சிவப்பு நிறத்தில்" என்ற வகை மெயிலுக்கு ஒரு வார்த்தை. நிறத்தை விட்டுவிடும் மென்பொருளில் படித்தால் எது கேள்வி, எது பதில் என்று தெரியாது. திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கும் தெரியாது. பதிலுக்கு முன்னால் பெயரை எழுதினால் போதும்.

அட்டாச்மென்ட் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் "25 எம்பி வரை போகும் என்றார்களே" என்ற கேள்வி நிற்பதில்லை. மெயிலில் ஃபைல் இணைக்க 1992-இல் வந்த மைம் என்ற முறைப்படி ஃபைல் எழுத்தாக மாற்றப்பட்டுப் பயணிக்கிறது. 3 பைட் 4 எழுத்தாகும், 76 எழுத்துக்கு ஒருமுறை வரி உடையும். 18 எம்பி ஃபைல் வழியில் ஏறக்குறைய 24.6 எம்பி. 19 எம்பி என்றால் 26. மாற்றிய பிறகு அளந்து பார்க்கும் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அதே 18 எம்பி கையேட்டை இருபது பேருக்கு அனுப்பினால் இருபது பெட்டியிலும் தனித்தனியாக இடம்பிடிக்கும். ஒரே பிரதியை எல்லாரும் பகிரும் வசதியை மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2010-லேயே எடுத்துவிட்டார்கள். இடம் போனால் போகட்டும், இருபது கையேட்டில் எது புதியது என்பதுதான் பிரச்சினை. "இறுதி", "இறுதி-2", "இறுதி-புதியது" மூன்றும் ஒரே வாரத்தில் வந்திருக்கும்.

ஆள் மாறும்போதுதான் மொத்த விலையும் தெரியும். புதிதாகச் சேர்கிறவரின் இன்பாக்ஸ் காலி. டீம் பத்து வருடம் பேசியது எதுவும் அவருக்கு இல்லை. போகிறவரின் பெட்டி இன்னும் மோசம்: மைக்ரோசாஃப்ட் 365-இல் லைசென்ஸை எடுத்தால் 30 நாளில் பெட்டி போய்விடும், கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை மீட்க 20 நாள்தான். லைசென்ஸை எடுப்பதற்கு முன்பே பெட்டியை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றிவிட்டால் 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே இருக்கும். இது தெரியாமல் செலவைக் குறைக்கிறோம் என்று ஐடி ஆட்கள் முதல் நாளே லைசென்ஸை எடுத்துவிடுவதுண்டு. இன்னொன்று, பல நிறுவனங்களில் இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட மெயிலைத் தானாக அழிக்கும் விதி இருக்கும். அதை வைப்பவர்கள் சட்டப்பிரிவு ஆட்கள். அவர்கள் பார்வையில் மெயில் என்பது கடிதப்போக்குவரத்து. அதற்குள் டீமின் கையேடு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மெயில் தானாக வந்து நிற்கிறது. விக்கிப் பக்கம் யாரிடமும் போகாது, ஆள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். எவ்வளவு அருமையாக எழுதி வைத்தாலும், அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாதவருக்கு அது இல்லாததுதான். வேறு நிறுவனத்து ஆளோடு சேர்ந்து வேலை செய்யும்போது மெயிலுக்கு இணை கிடையாது. அனுமதி, லாகின், அழைப்பு எதுவும் வேண்டாம். யார், எப்போது, எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று காட்ட வேண்டிய இடத்திலும் அப்படியே. எல்லாவற்றையும்விட, மெயில் யாருக்கும் சொந்தமான வடிவம் இல்லை. ரே டாம்லின்சன் 1971-இல் @ குறியைப் போட்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நெட்வொர்க் வழியாகப் போகும் முதல் மெயிலை அனுப்பினார். தொண்ணூறுகளில் சேமித்த எம்பாக்ஸ் ஃபைலை (மெயில்களை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல்) இன்றைக்கும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து படிக்கலாம். அதே காலத்து நாலெட்ஜ் பேஸ் மென்பொருள் எதையாவது இன்று திறந்து காட்டுங்கள் பார்ப்போம்.

மெயிலை வைத்தே உருப்படியாக வேலை நடத்த முடியும் என்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலே சாட்சி. அதன் மேம்பாடு இன்றுவரை பெரும்பாலும் மெயிலில்தான் நடக்கிறது. எப்படி முடிகிறது என்று பார்த்தால் நம் டீமில் என்ன குறை என்பது தெரியும். அங்கே மெயில்கள் தனித்தனி இன்பாக்ஸில் புதைவதில்லை. பொது ஆவணக்கிடங்கு இருக்கிறது, புதிதாக வருகிறவர் முதல் நாளே பழையதையெல்லாம் படிக்கலாம். அந்தக் கிடங்கில் ஒவ்வொரு மெயிலுக்கும் மெசேஜ்-ஐடியை வைத்தே நிரந்தர லிங்க் உண்டு. வெறும் எழுத்து மெயில் மட்டும்தான், நிறமும் அலங்காரமும் சேர்ந்த எச்டிஎம்எல் மெயிலை ஏற்பதே இல்லை, அதனால் வளைந்த மேற்கோள் குறிக்கு வேலை இல்லை. முக்கியமானது, முடிவு மெயிலிலேயே தங்கிவிடுவதில்லை. விவாதம் மெயிலில், முடிவானது நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளில். ஆவணங்களும் நிரலோடு ஒரே ஃபோல்டர் தொகுப்பில் இருக்கின்றன, தவறு கண்டால் நிரலைத் திருத்துவது போலவே அதையும் திருத்துகிறார்கள். திருத்தத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மெயில் வேண்டாம், சாட்டுக்கு மாறிவிடலாம் என்கிறவர்களுக்கு: வேண்டாம். அது இன்னும் வேகமாக மறக்கும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு கண்ணுக்குத் தெரியாது, ஒரு வருடத்துக்கு மேற்பட்டது அழிக்கப்படும். மெயிலிலாவது சப்ஜெக்ட் என்று ஒரு வரி எழுத வைக்கிறார்கள்.

வேறு வழியில்லை, மெயில்தான் என்றால் சில விதிகள் போடலாம். முதலில் தனி ஆட்களை சிசி-யில் அடுக்குவதை நிறுத்தி ஒரு குழு முகவரி உருவாக்குங்கள். வெறும் விநியோகப் பட்டியல் இல்லை, பழைய உரையாடலைச் சேமிக்கும் வகை: கூகுள் குரூப்ஸில் உரையாடல் வரலாற்றை இயக்கி வைக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் 365 குரூப்பில் புதிதாகச் சேர்கிறவரும் பழையதைப் படிக்க முடியும். காலி இன்பாக்ஸ் பிரச்சினை இதோடு தீரும். தனியாகப் பதில் போடும் பழக்கமும் குறையும், ஏனென்றால் பதில் இயல்பாகவே குழுவுக்குப் போகும்படி அமைக்கலாம்.

சப்ஜெக்டில் மூன்று விஷயம் வர வேண்டும்: எந்த சிஸ்டம், என்ன வேலை, எந்த மாதம். "பில்லிங் சர்வர் / சர்டிஃபிகேட் புதுப்பித்தல் / 2026-03" என்பது போல. "சந்தேகம்", "அவசரம்", "உதவி" என்ற மூன்று சப்ஜெக்டையும் தடை செய்யுங்கள்.

திருத்தத்துக்கு ஒரே விதிதான், ஆனால் கறாராக இருக்க வேண்டும். "மூன்றாவது படியில் மாற்றம்" என்று துண்டாக அனுப்பக் கூடாது. முழுப் படிகளையும் சரிசெய்து, அதே சப்ஜெக்டில், அதே உரையாடலுக்குள் ரிப்ளையாக, மறுபடி அனுப்ப வேண்டும். முதல் வரி: "இது மார்ச் 12 தேதியிட்ட மெயிலுக்குப் பதிலாக. பழையதைப் பயன்படுத்த வேண்டாம்." தேடுகிறவருக்கு அப்போதுதான் புதியதும் கிடைக்கும், அதில் அந்தச் சொற்களும் இருக்கும், தேதிப்படி மேலேயும் வரும். ஃபார்வர்டு வாங்கியவருக்கு இதுவும் உதவாது. அதற்கு மெயிலுக்குள் மருந்தே இல்லை. படிகளை ஒரு பகிர்ந்த ஆவணத்தில் எழுதி, மெயிலில் லிங்கை மட்டும் அனுப்பினால்தான் உண்டு. அந்த ஆவணமும் தனி ஆளின் டிரைவில் இருக்கக் கூடாது, டீமின் பொது டிரைவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் போகும் நாளில் லிங்கும் போகும்.

இப்படி ஆவணமும் லிங்கும் என்று வந்துவிட்டால் அதுதானே விக்கி என்று கேட்பீர்கள். ஆமாம், அதுதான்.

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் 5-க்கு 5. நீடித்து நிற்பதில் 5. வெளி ஆட்களோடு வேலை செய்வதில் 5. தேடலில் 2, தமிழில் எழுதினால் 1. திருத்தத்தில் பூஜ்யம். கூட்டி வகுத்தால் மூன்றுக்கு மேல் வரும், ஆனால் நான் வகுக்கப்போவதில்லை. டீமின் அறிவைச் சேர்த்து வைக்க மெயிலுக்கு என் மதிப்பெண் 1. பத்து நல்ல குணம் இருந்தாலும், தப்பு என்று தெரிந்த பின்னும் அதே ஐந்து படியை வருடா வருடம் புதுப்புது ஆளுக்கு நீட்டிக்கொண்டே இருக்கும் ஒன்றை வேறு என்ன சொல்வது? எத்தனை பேர் வரை தாங்கும் என்றால், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக் கேட்கக்கூடிய நான்கைந்து பேர் வரை. இருபது பேருக்கு வேண்டவே வேண்டாம்.

மாறுவதென்று முடிவெடுத்தால் பழைய மெயில் மொத்தத்தையும் புது இடத்தில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். தவறான மெயில்களும் சேர்ந்து குடியேறும், இந்த முறை அதிகாரபூர்வமாக. டீமில் எல்லாரும் சந்தேகம் கேட்கும் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை அவருடைய சென்ட் ஐட்டம்ஸில் "மறுபடி அனுப்புகிறேன்", "ஏற்கனவே சொன்னதுதான்", "கீழே பார்க்கவும்" என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு அனுப்பப்பட்ட பதில்கள்தான் முதலில் எழுத வேண்டிய பக்கங்கள். பத்துப் பக்கம் போதும், ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் செய்து பார்த்த தேதி. எழுதிய தேதியை அங்கே போட வேண்டாம். எழுதியவரைத் தவிர வேறு யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வேலையைச் செய்து முடிக்கும்வரை அந்தத் தேதி இடம் காலியாகவே இருக்கட்டும்.